ஆண்டியப்பர் வாய்க்காலும் என் பதிலாளும்

புரட்டாசி இருபத்தேழாம் தேதி காலை ஆறரை மணிக்கு நல்லூத்து செங்கல் சூளையின் இரும்புக் கேட்டருகே இருந்தவர்கள்: சூளை உரிமையாளர் கோமதிநாயகம்; அவர் மனைவியும் என் உடன்பிறந்த தங்கையுமான பிரம்மசக்தி; முன்னாள் அச்சக உரிமையாளர் ஞானதிரவியம்; வாய்க்கால் மீட்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஜெசிந்தா டீச்சர்; ஜேசிபி ஓட்டுநர் இசக்கிராஜ்; ஆண்டியப்பர் பேரன் ஆவுடையப்பனாகிய நான். மொத்தம் ஆறு பேர். கேட்டுக்கு உள்ளே இருவர், வெளியே நால்வர்.

இந்த வரிசையை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு பட்டியலில் யார் பெயர் மேலே வருகிறது, யார் பெயர் விட்டுப்போகிறது என்ற விஷயத்தில் இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லாத அனுபவம் எனக்கு உண்டு.

முதலில் வாய்க்காலைச் சொல்லிவிடுகிறேன். பெரிய குளத்தின் உபரித் தண்ணீரை ஊருக்குள் விடாமல் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்க, என் தாத்தா ஆண்டியப்பர் கலெக்டருக்கு மனு மேல் மனு போட்டு வெட்டவைத்தது. நீளம் இரண்டரைக் கிலோமீட்டர். அவர் காலத்தில் அதில் தண்ணீர் ஓடியது. என் அப்பா காலத்தில் கொஞ்சம் ஓடியது. என் காலத்தில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் மிதந்தன. ஒருமுறை ஒரு முழு சோபா மிதந்தது. போன ஐப்பசியில் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வந்து, கீழத்தெருவில் நூற்று நாற்பது வீடுகளுக்குள் இடுப்பளவு நின்றது. "ஆண்டியப்பர் நம்ம வீட்டைப் பார்க்கவே வந்துட்டாருடே" என்று அங்கே யாரோ சொன்னார்களாம். இதை என் காதில் போடுவதற்காகவே நான்கு பேர் தனித்தனியாக என் வீட்டுக்கு வந்து, காபியும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதனால்தான் இந்த ஆண்டு சுதந்திர தினத்தில் கொடியேற்றிவிட்டு மைக்கைப் பிடித்தேன். "ஐப்பசி ஒன்றாம் தேதிக்குள் வாய்க்கால் சுத்தமாகும். இது ஆண்டியப்பர் பேரன் வாக்கு" என்றேன். நன்றாகக் கை தட்டினார்கள். எங்கள் ஊரில் கைதட்டலுக்கு மட்டும் ஒருநாளும் ஆள் குறைந்ததில்லை.

நான் தலைவராக இருந்த வாய்க்கால் மீட்புக் குழுவில் தொண்ணூற்று நான்கு தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். தன்னார்வலர் என்பவர், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாராலும் கேட்க முடியாதவர். இவர்களைக் கட்டி மேய்க்க ஜெசிந்தா டீச்சர் 'கூட்டுக்கை' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர். எதையும் கட்டம் போட்டுப் பார்க்கிறவர். கூட்டுக்கையும் கட்டங்களால் ஆனதுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. அட்டை முதலில் 'செய்யவேண்டியது' என்ற கட்டத்தில் நிற்கும். பிறகு 'நடக்கிறது' என்பதற்குப் போகும். கடைசியில் 'முடிந்தது'. ஆளுக்கு ஆள் போனில் பார்க்கலாம். அட்டைக்குக் கீழே எல்லாரும் கருத்து எழுதலாம், கட்டைவிரல் படம் போடலாம். முதல் வாரத்தில் எழுநூறு கட்டைவிரல்கள் வந்தன. மண்வெட்டியோடு ஏழு பேர் வந்தார்கள்.

இதற்குத் தீர்வாகக் கூட்டுக்கையில் ஒரு புது வசதி வந்தது. பெயர் 'பதிலாள்'.

"ஐயா, நீங்களும் ஒரு பதிலாள் வச்சுக்கிடுங்க" என்றார் டீச்சர்.

"எதுக்கு?"

"ஒரு நாளைக்கு நூத்தம்பது கேள்வி வருது. நீங்க ஒண்ணுக்கும் பதில் போடல. தலைவர் பேர்ல உள்ள அட்டை எல்லாம் சிலை மாதிரி நிக்குது."

"அது என்ன செய்யும்?"

"உங்க பழைய கடிதம், மனு எல்லாம் குடுத்தா, படிச்சு உங்களை மாதிரியே எழுதும். நீங்க எதுக்குச் சம்மதிப்பீங்க, எதுக்கு முறைப்பீங்கன்னு கத்துக்கிடும். நீங்க இல்லாத நேரம் உங்களுக்குப் பதிலா பேசி முடிவெடுக்கும்."

"தப்பா முடிவெடுத்தா?"

"இருபத்துநாலு மணி நேரம் டைம் இருக்கு. 'இது நான் சொன்னதில்லை'ன்னு ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினா எல்லாம் ரத்தாகி அட்டை பழைய இடத்துக்கே போயிரும். அமுக்காம விட்டா நீங்க சொன்னதாத்தான் நிக்கும்."

எனக்கு இது பிடித்தது. பொறுப்பான ஒருவனை எனக்குக் கீழே வேலைக்கு வைத்ததுபோல் இருந்தது. பதிலாள் என்னிடம் சில கேள்விகள் கேட்டது. 'எந்த ஆவணங்களை நான் படிக்கலாம்?' எல்லாவற்றையும் என்றேன். எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரிய வேண்டாமா? தாத்தாவின் மனுக்கள், அப்பாவின் நாட்குறிப்புகள், நான் பத்திரிகைகளுக்கும் கலெக்டர்களுக்கும் எழுதிய கடித நகல்கள் என்று ஒரு பீரோவையும் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் திறந்துவிட்டேன். டீச்சர் இரண்டு நாள் உட்கார்ந்து படம் பிடித்தார்.

"ஐயா, கல்யாணப் பத்திரிகைக் கட்டு எதுக்கு இதுல?"

"பிடிங்க டீச்சர். சம்பந்தம் பண்ணின இடமெல்லாம் எப்பேர்ப்பட்ட இடம்னு பார்க்கட்டும்."

கடைசிக் கேள்வி இது: 'உங்கள் பதிலாள் எதை ஒருபோதும் நடக்க விடக்கூடாது?'

நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வரி சொன்னேன். டீச்சர் தட்டினார். 'எங்கள் குடும்பம் கொடுத்த வாக்கு ஒருபோதும் தவறக்கூடாது.'

அதற்கு அடுத்த ஞாயிறு நடந்த ஆலோசனைக் கூட்டம் குழுவின் சரித்திரத்தில் முக்கியமானது. தொண்ணூற்று நான்கு பேரும் கலந்துகொண்டார்கள். தொண்ணூற்று நான்கும் பதிலாட்கள். கூட்டம் மூன்று நொடியில் முடிந்தது. பதினோரு பக்கத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என் பதிலாள் தலைமையுரை ஆற்றியிருந்தது. படித்துப் பார்த்தேன், அருமையான உரை. எல்லாரும் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே ஊருக்கு உழைத்தோம்.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வேலை நடந்தது. பதிலாட்கள் தங்களுக்குள் பேசி, யார் எந்தக் கிழமை சும்மா இருப்பார், யாரை எந்தச் சொல்லால் கூப்பிட்டால் எழுந்து வருவார் என்று கண்டுபிடித்து வைத்திருந்தன. ஜேசிபியும் வந்தது. புரட்டாசி பாதிக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சுத்தமாகிவிட்டது. மிச்சம் நானூறு மீட்டர்.

அந்த நானூறு மீட்டருக்கு ஒரு பக்கம் நெருக்கமாக வீடுகள். இன்னொரு பக்கம் கோமதிநாயகத்தின் செங்கல் சூளை. ஜேசிபி இறங்க வேண்டுமானால் சூளைக்குள்ளே போய்த்தான் இறங்க வேண்டும். 'சூளை வழி அனுமதி' என்று ஒரு அட்டை, தலைவர் பொறுப்பு என்று என் பெயரில், 'செய்யவேண்டியது' கட்டத்தில் ஒன்பது நாள் நின்றது. அதன் கீழே நாற்பத்திரண்டு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். 'விரைவில் நல்லது நடக்கும்.' 'ஐயா பார்த்துக்கொள்வார்.' மிச்சமெல்லாம் கும்பிடும் கைகள்.

ஜெசிந்தா டீச்சர் நேரில் வந்தார். "ஐப்பசி ஒண்ணுக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. கடைசி நானூறு மீட்டர் அடைச்சுக் கிடந்தா மேல வெட்டினது அத்தனையும் வீண். தண்ணி முன்னைவிட வேகமா வந்து கீழத்தெருவுலதான் முட்டும்."

"தெரியும்."

"கோமதிநாயகம் ஐயாவும் குழுவுல இருக்காரு. நிலம் உள்ளவங்க எல்லாரையும் சேர்க்கணும்னு விதி. அவரும் பதிலாள்தான் வச்சிருக்காரு. நேர்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"எங்க வீட்டுலருந்து அந்த வீட்டுக்கு வார்த்தை போகாது டீச்சர்."

"தண்ணி போகுமே ஐயா."

கணக்கு டீச்சருக்கு இவ்வளவு வாய் ஆகாது.

கோமதிநாயகம் என் தங்கை பிரம்மசக்தியின் கணவர். எனக்கு மாப்பிள்ளை முறை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் வார்டு தேர்தலில் என் தம்பியை எதிர்த்து நின்று, பதினோரு ஓட்டில் ஜெயித்தார். அடுத்த மாதம் என் மூத்த மகள் கல்யாணம். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் எங்கள் உறவுகள் இருபத்திரண்டு பேர் பெயர் வந்தது. கல்யாணப் பெண்ணின் அத்தை மாமாவின் பெயர் வரவில்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். ஐந்நூறு பத்திரிகையும் வெளியூருக்குப் போன பிறகு என்ன செய்ய முடியும் என்றும் சொன்னேன். அவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே வரவில்லை. நானும் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று தெரு.

புரட்டாசி இருபத்தாறாம் தேதி மத்தியானம் நான் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து போனைப் பார்த்தபோது, 'சூளை வழி அனுமதி' அட்டை 'முடிந்தது' கட்டத்தில் நின்றது.

கோமதிநாயகத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர்: ஆவுடையப்பன்.

'கோமதிநாயகம் அவர்களுக்கு, ஆண்டியப்பர் பேரன் ஆவுடையப்பன் எழுதுவது. சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பெயர் விட்டுப்போனது அச்சகத்தின் பிழை என்று இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அச்சகத்தில் பிழை இல்லை. சரிபார்க்க வந்த படியில் தங்கள் பெயர் இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். என் தம்பியைத் தாங்கள் தோற்கடித்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. தங்களை அவமதிப்பதாக நினைத்துக்கொண்டு என் தங்கையை என் வாசலுக்கு வராமல் செய்துகொண்டேன். செய்தது தவறு. மன்னிக்க வேண்டும். வாய்க்காலின் கடைசி நானூறு மீட்டருக்குத் தங்கள் சூளை வழியைத் தந்து உதவ வேண்டும்.'

கடிதம் போன நேரம் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம் ஏழு நொடி. பதினோராவது நொடியில் பதில் வந்திருந்தது. 'நாளை காலை ஆறரைக்கு வாருங்கள். கேட் திறந்திருக்கும். பிரம்மசக்தி காபி போடுவாள்.'

இருபத்தாறு ஆண்டுப் பகை நாலு நொடியில் தீர்ந்திருந்தது. சம்பந்தப்பட்ட எங்கள் இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதத்துக்குக் கீழே அறுபத்தொரு கட்டைவிரல்கள்.

டீச்சருக்குப் போன் போட்டேன். போனில் கத்துவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அன்று கத்தினேன்.

"ஐயா, நான் ஒண்ணும் செய்யல. ரெண்டு பதிலாளும் பேசிக்கிட்டுதுங்க."

"யாரைக் கேட்டு?"

"நீங்கதானே வாக்கு தவறக் கூடாதுன்னு எழுதச் சொன்னீங்க. அட்டை ஒன்பது நாளா நகரல. ஏன் நகரலன்னு தேடியிருக்கு. அந்தப் பத்திரிகைக் கட்டுல ஒரு படி இருந்திருக்கு, சிவப்பு மையில அடிச்சு, ஓரத்துல உங்க கையெழுத்தோட. கூடவே தேர்தலுக்கு அப்புறம் நீங்க அவர் மேல கலெக்டருக்கு எழுதின பதினாலு புகார். அதுக்கு மேல கண்டுபிடிக்க என்ன இருக்கு ஐயா?"

என் பெருமையைப் படிக்கக் கொடுத்தேன். அது கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டது.

சாயங்காலம் ஞானதிரவியம் வந்தார். பத்திரிகை அச்சடித்தவர் அவர்தான். இப்போது அச்சகம் இல்லை, குழுவின் செயலாளர். அவரை நான் நேருக்கு நேர் பார்க்காமல், "கடிதம் படிச்சீரா?" என்றேன்.

"படிச்சேன் அண்ணாச்சி. எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல."

"விளையாடாதீரும். உமக்குத் தெரியும்லா, அடிச்சது நான்தான்னு?"

"சிவப்பு மைப் படியை என் கையிலதானே குடுத்தீய. பெறகு அதைத் திருப்பியும் வாங்கிக்கிட்டீய."

"பெறகு ஏன்வே இத்தனை வருஷம் சொல்லல?"

"சொன்னா உங்க பேரு கெடும். சொல்லாட்டா எம் பேரு கெடும். எம் பேரு சின்னது அண்ணாச்சி, கெட்டுக் கிடந்தாலும் இடத்தை அடைக்காது." அவர் சிரித்தார். "கல்யாணப் பத்திரிகை ஆர்டர்தான் அதுக்குப் பெறகு ஒண்ணும் வரல. பேரை முழுங்குற அச்சாபீஸுன்னு சொல்லிட்டாவ. நான் பில் புஸ்தகம் அடிச்சுக் காலத்தை ஓட்டிட்டேன். பில் புஸ்தகத்துல யாரு பேரு விட்டுப்போகும்?"

நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீய? பொத்தானை அமுக்கிருங்க. மிஷின் உளறிட்டுன்னு சொன்னா ஊரு நம்பும். மிஷின் உளறாத நாளு எது?"

"உம்ம பேரு?"

"பழகிட்டு அண்ணாச்சி."

பொத்தானை அமுக்குவது என்று நான் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். ஆனால் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு அமுக்குவது எங்கள் பழக்கமில்லை. வாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வாசலுக்குப் போய், முகத்துக்கு நேராக, 'இது என் கடிதம் அல்ல' என்று சொல்லிவிட்டு அமுக்க வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறது.

மறுநாள் காலை ஆறரைக்குப் போனேன். டீச்சரும் ஞானதிரவியமும் கூட வந்தார்கள். இசக்கிராஜ் ஜேசிபியை உறுமவிட்டுக்கொண்டு கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தான். கேட் பூட்டியிருந்தது. திறந்திருக்கும் என்று பதிலாள் எழுதியதோடு சரி.

உள்ளே கோமதிநாயகம் தனியாக நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கையில் சாவிக்கொத்து, மற்ற கையில் போன். போனைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய கட்டைவிரலும் என்னுடையதைப் போலவே அந்தப் பொத்தானின் மேல்தான் நின்றது.

"வாங்க மச்சான்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வந்தவங்ககிட்ட இப்படிச் சொல்லக் கூடாது. நேத்து நான் சூளையில கல்லு எண்ணிக்கிட்டு இருந்தேன். அந்தப் பதிலை நான்..."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை. அந்தக் கடிதத்தை நான்..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். யார் முதலில் பின்வாங்குவது என்பதில்கூட எங்களுக்குள் மரியாதைப் பிரச்சினை வந்துவிட்டது.

இசக்கிராஜ் ஜேசிபியிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஐயா, இறக்கவா, திருப்பவா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க."

அப்போதுதான் பிரம்மசக்தி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் தட்டு, தட்டில் காபித் தம்ளர்கள். கக்கத்தில் இடுக்கியபடி ஒரு காகிதம். கடிதத்தை யாரிடமோ சொல்லி அச்செடுத்து வாங்கியிருக்கிறாள். போனில் இருப்பதை அவள் எழுத்தாக மதித்திருக்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதுவும் காகிதத்தில் இருக்க வேண்டும். அவளுக்கு மூக்குக்கண்ணாடி வந்திருந்தது எனக்குத் தெரியாது.

தட்டைக் கேட்டருகே இருந்த செங்கல் அடுக்கின் மேல் வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"அண்ணே, ராத்திரி முச்சூடும் இதைப் படிச்சேன். ஒரு பக்கம் பார்த்தா உன் பேச்சு மாதிரியே இருக்கு. சுத்தி வளைச்சுப் பேசிப் பழக்கமில்லைன்னு ஆரம்பிச்சுச் சுத்தி வளைக்கிறதெல்லாம் நீதான். இன்னொரு பக்கம் பார்த்தா உன் வாயிலருந்து இது வராதே. இது நீ எழுதினதா?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லவேண்டிய வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. 'இது நான் சொன்னதில்லை.' பொத்தானில் எழுதியிருப்பதும் அதுதான். அதைச் சொன்னால் அட்டை பழைய கட்டத்துக்குப் போகும். ஜேசிபி திரும்பும். ஐப்பசி ஒன்றாம் தேதி கீழத்தெருக்காரர்கள் ஆண்டியப்பரை மறுபடியும் வீட்டுக்குள் வரவேற்பார்கள். பத்திரிகைப் பிழை மறுபடியும் ஞானதிரவியத்தின் தலையில் போய் உட்காரும்.

ஞானதிரவியம் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜேசிபி சக்கரத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லப்போகும் பொய்க்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. இருபத்தாறு ஆண்டுகளாக அவர் அப்படித்தான் நின்றிருக்கிறார். எனக்குத்தான் அன்று முதன்முறையாகத் தெரிந்தது.

"எழுதினது மிஷின்" என்றேன்.

பிரம்மசக்தி காகிதத்தை மடித்தாள். "நினைச்சேன்."

"பொறு, முடிக்கல. எழுதினது மிஷின். சிவப்பு மையில அடிச்சது மிஷின் இல்ல."

அவள் மடித்த காகிதத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இசக்கிராஜ் வண்டியை அணைத்துவிட்டான். அவனுக்கு ஊர்ச் செய்தி ஒன்றும் தவறிவிடக் கூடாது.

நான் முதலில் ஞானதிரவியத்தின் பக்கம் திரும்பினேன். "உம்ம அச்சாபீஸுல ஒரு பிழையும் கிடையாது. நான் பொய் சொன்னேன். உம்ம பொழைப்பு போனது என்னால. என்னை மன்னிக்கணும்."

"சரி அண்ணாச்சி, சரி, விடுங்க" என்றார் அவர். மேல்துண்டை எடுத்து எதையோ துடைத்தார். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு கேட்டுக்கு உள்ளே பார்த்தேன். "மாப்பிள்ளை, உங்க பேரை நான் அடிச்சேன். தப்பு. பிரம்மு, உன்கிட்டயும்தான்."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆயிற்று. மிஷினுக்கு நாலு நொடி ஆயிற்று. எனக்கு இருபத்தாறு ஆண்டும் ஒரு நிமிடமும் ஆயிற்று.

பிரம்மசக்தி கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க? வரச் சொன்னது நீங்களா, உங்க மிஷினா?"

கோமதிநாயகம் போனைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "மிஷின்தான்."

"நீங்க வரச் சொல்லச் சொன்னீங்களா?"

"இல்ல. அதைச் சேர்க்கும்போது ஒரு கேள்வி கேட்டுது, எதை நடக்க விடக் கூடாதுன்னு. ஏதோ ஒண்ணு போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"எதுக்கு இப்ப அது, ஊருக்கு முன்னால?"

"என்ன போட்டீங்கன்னு கேட்டேன்."

அவர் கேட் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் பெண்டாட்டி இனிமேல் வருத்தப்படக் கூடாதுன்னு போட்டேன்."

ஜெசிந்தா டீச்சர் சட்டென்று தன் போனை எடுத்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். பிரம்மசக்தி கணவரையே பார்த்தாள். "இதை எங்கிட்ட சொல்ல ஒரு மிஷின் வேணுமா?" என்றாள். பிறகு, "சாவியாவது உங்ககிட்ட இருக்கா, இல்ல அதுவும் அதுகிட்டயா?"

"சாவி எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லி அவர் கேட்டைத் திறந்தார்.

ஜேசிபி உள்ளே போனது. நாங்கள் காபி குடித்தோம். தட்டில் ஆறு தம்ளர் இருந்தது. நாங்கள் எத்தனை பேர் வருவோம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. என் தம்ளரில் சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினாறு ஆண்டு ஆகிறது. அதையும் யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

நானூறு மீட்டரும் மூன்று நாளில் முடிந்தது. ஐப்பசி நான்காம் தேதி பெய்த மழையில் வாய்க்கால் கரை தட்ட ஓடியது. கீழத்தெருவில் ஒரு வாசலுக்கும் தண்ணீர் வரவில்லை. 'முடிந்தது' என்ற கட்டத்தில் அட்டை இப்போதும் நிற்கிறது. கட்டைவிரல் எண்ணிக்கை தொண்ணூற்றைத் தாண்டிவிட்டது. என் பதிலாளை மட்டும் நான் அன்று காலையே நிறுத்திவிட்டேன். கெட்டிக்காரன்தான். என் வீட்டில் அவ்வளவு கெட்டிக்காரன் இன்னொருவன் வேண்டாம்.

வாய்க்கால் விழா அழைப்பிதழைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அதில் முதல் பெயர் கோமதிநாயகம். இரண்டாவது பிரம்மசக்தி. ஆண்டியப்பர் பேரனாகிய என் பெயர் கடைசியில் இருக்கிறது. இது பதிலாட்கள் தங்களுக்குள் பேசிச் செய்த வேலை என்று மேலத்தெருவில் சொல்கிறார்கள். ஞானதிரவியம் வயதான காலத்தில் மறுபடியும் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார் என்று கடைவீதியில் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. சரிபார்க்க வந்த படியில் என் பெயர்தான் முதலில் இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்துக் கடைசியில் எழுதியவன் நான். படி என்னிடம் இருக்கிறது.